பெட்டிக்கு நெற்றி எந்தப் பக்கம்

1. மூடிக்கொண்ட கட்டம்

ஆயுத பூஜைக்குப் பிறகு எங்கள் ரிப்பேர் கடை திறந்த முதல் நாள் அது. ஜமுனாமரத்தூரில் விடிந்ததிலிருந்து மழை. பூங்கொடி தன் லேப்டாப்பைத் துப்பட்டாவில் சுற்றி வயிற்றோடு அணைத்தபடி கடைக்குள் வந்தாள். அவளுடைய ஊர் மலைக்குள்ளே தள்ளி, பஸ் போகாத இடம். படித்த பெண். ஊராருக்கு மனு எழுதுவது, அதைக் கம்ப்யூட்டரில் பதிந்து கொடுப்பது எல்லாம் அவள்தான்.

"அத்தே, சனிக்கெழம எங்க ஊருக்கு ஆபீசர் வர்றாரு. முதியோர் பென்சனுக்குப் பதினோரு பேர் கைரேகை வெக்கணும். மழைல போஸ்ட்டு சாஞ்சி கரண்ட் இல்ல. இந்த பேட்டரி காலைலருந்து மதியம் வரிக்கும் நிக்குமான்னு பாத்துச் சொல்லு."

"ஏம்மா, அவுங்கள இங்க இட்டாந்துட்டா இன்னா? இங்க கரண்ட் கீதே."

"யாரு, எங்க பெரியாயாவயா? வூட்டு வாசப்படி எறங்கறதுக்கே ரெண்டு பேர் புடிக்கணும். நீ வந்து தூக்கறியா?"

பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. பேட்டரியைக் கழற்றி டெஸ்டரில் மாட்டினேன். டெஸ்டர் என்பது சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. முன்பக்கத்துத் துளைகளில் மெல்லிய ஒயர்களைச் சொருகி, மறுமுனையைப் பேட்டரியின் பின்களில் வைப்போம். பின்பக்கத்திலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும். கம்ப்யூட்டரில் இருக்கிற சாஃப்ட்வேர், பேட்டரிக்கு எவ்வளவு உயிர் பாக்கி என்று ஒரு கட்டத்துக்குள் பட்டை போட்டுக் காட்டும். பச்சை நல்லது. மஞ்சள் சுமார். சிவப்பு என்றால் செல் போய்விட்டது. நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் அந்தப் பட்டையை என்னைவிடச் சரியாகப் பார்த்துச் சொன்னவர் அந்தக் கடையில் கிடையாது.

அன்று பட்டை பாதி ஏறியது. ஒரு ஆட்டம் ஆடியது. பிறகு கட்டமே பட்டென்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடிக்கொண்டது. ஐந்து தடவை அப்படியே.

பூஜைக்கு முந்தின நாள் வரை ஒழுங்காக வேலை செய்த டெஸ்டர். அதனால் பேட்டரிதான் கெட்டது என்று முடிவு கட்டினேன். சிவப்பு டேப்பைக் கிழித்து அதன் மேல் ஒட்டினேன்.

"செல்லு போய்ட்ச்சிம்மா."

"பெட்டி ஒண்ணும் சொல்லலியே அத்தே. நீதான சொல்ற?"

"பன்னண்டு வருசமா பாக்கறேன். எனக்குத் தெரியாதா?"

கடைக்காரர் சேகர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "புதுசு வேலூர்லருந்து வரணும்மா. அடுத்த வாரம் ஆயிடும்."

பூங்கொடி லேப்டாப்பை மறுபடி துப்பட்டாவில் சுற்றினாள். "வெள்ளிக்கெழம வர்றேன். இன்னொரு தபா பாத்து வை" என்று சொல்லிவிட்டு, பேட்டரி இல்லாத லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

2. புளிக் கத்தி

அந்தக் கடைக்கு நான் போனது கூட்டிப் பெருக்கத்தான். அதற்கு முன்னால் புளிக்கொட்டை எடுக்கிற வேலை. ஒரு நாள் சேகர் ஒரு லேப்டாப் பேட்டரியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறக்கப் பார்த்து, உள்ளே இருந்த செல்லைக் குத்திவிட்டார். புகை வந்தது. எடுத்து மண்ணில் போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

"தம்பி, அத எங்கிட்ட குடு" என்று சொல்லி, அடுத்த பேட்டரியை என் புளிக் கத்தியால் ஓரமாகக் கீறித் திறந்தேன். புளியில் கத்தி கொட்டையைத் தொட்டால் கையில் தெரியும். செல்லும் அப்படித்தான். அன்றைக்கே துடைப்பத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு ஸ்டூல் போட்டார். செல் மாற்றுவது, சால்ட்ரிங் வைப்பது, டெஸ்டரில் பார்ப்பது எல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கற்றதுதான். சால்ட்ரிங் புகை வாசனை இப்போதும் எங்கேயாவது வந்தால் நின்று மூக்கை இழுக்கிறேன்.

சிவப்பு டேப் ஒட்டும் உரிமை எனக்கு மட்டும்தான். நான் ஒட்டினால் அந்தப் பேட்டரி பிளாஸ்டிக் கூடைக்குப் போகும். மாசத்துக்கு ஒரு தடவை கூடை காலியாகும். அப்புறம் யாரும் கேட்க முடியாது.

பூங்கொடி பேட்டரி கொண்டுவந்த அந்த வருஷ ஆயுத பூஜைக்கு ஒடுகத்தூரிலிருந்து சேகரின் அம்மா வந்திருந்தார். சேகர் சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். "எல்லாத்துக்கும் நீயே பொட்டு வெச்சிடும்மா."

அவருடைய அம்மா குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். எனக்குக் கேட்டது. "இன்னாடா இது, புருசன் இல்லாத பொம்பள கையால."

"கடைல எல்லாத்தையும் தொடறது அந்தக் கைதாம்மா" என்றார் சேகர்.

என் வீட்டுக்காரர் போனபிறகு ஒருத்தரும் என் கையில் அந்தக் கிண்ணத்தைக் கொடுத்ததில்லை. சால்ட்ரிங் அயர்ன், மீட்டர், கம்ப்யூட்டர், ஃபேன், கல்லாப்பெட்டி, என் புளிக் கத்தி, ஒன்றையும் விடவில்லை. தாராளமாக வைத்தேன்.

3. சேகர் பார்த்த வைத்தியம்

புதன், வியாழன் இரண்டு நாளும் டெஸ்டர் அதே கூத்து. வேறு இரண்டு பேர் கொண்டுவந்த பேட்டரிகளிலும் கட்டம் மூடிக்கொண்டது. அவற்றுக்கும் சிவப்பு டேப் ஒட்டினேன். பூங்கொடியுடையதோடு சேர்த்து மூன்றாவதை ஒட்டும்போது சேகர் கையைப் பிடித்தார்.

"இருமா. ஒரே வாரத்துல மூணு பேட்டரியா சாவும்? சாஃப்ட்வேர்தான் க்ராஷ் ஆவுது."

பெட்டி விற்றவர்களுக்குப் போன் போட்டார். சாஃப்ட்வேரை எடுத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். போட்டார், மூடிக்கொண்டது. வைரஸ் இருக்கும் என்று கம்ப்யூட்டரையே ஃபார்மட் அடித்தார். மூடிக்கொண்டது. பின்பக்கக் கேபிளை மாற்றினார். தன் சொந்த லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். அதிலும் மூடிக்கொண்டது.

"பேஜாரா கீதும்மா. மனுசனாட்டம் மொறைக்குது."

நான் வேறு ஒன்றைக் கவனித்தேன். வியாழக்கிழமை மதியம் கொஞ்ச நேரம் வெயில் அடித்தது. அப்போது பட்டை முக்கால்வாசி ஏறியது. மூட்டம் போட்டதும் பழையபடி மூடிக்கொண்டது. புளி காயவைத்தவளுக்கு வானத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஈரம் ஏறினால் கெடுகிற ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்று தோன்றியது. சொன்னால், "சாஃப்ட்வேருக்கு சளி புடிக்குமாம்மா?" என்று சிரித்தார்.

4. வெள்ளிக்கிழமை

மதியம் சேகர் சாப்பிடப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். டெஸ்டரை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

முன்பக்கத் துளைகளில் என் பொட்டு.

பொட்டு வைக்கும்போது பெட்டிக்கு நெற்றி எது என்று தேடினேன். துளைகள் இருந்த பக்கம்தான் கண்ணும் மூக்கும் வைத்த முகம் மாதிரி இருந்தது. அதற்கு நடுவில் வைத்தேன். தண்ணியாகக் குழைத்த சந்தனம், மேலே குங்குமம். அது வழிந்து துளைக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. கடையில் எல்லாவற்றிலும் பொட்டு இருந்ததால் எங்கள் கண்ணுக்கு இது தனியாகத் தெரியவில்லை. அதுவாக உதிரட்டும் என்று யாரும் துடைக்கவும் மாட்டோம்.

ஐபிஏ என்கிற ஸ்பிரிட்டைத் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் போச்சு. ஃபார்மட் அடித்ததால் சரியானது என்று சேகர் நினைத்துக்கொள்வார். யாருக்கும் தெரியாது. சொன்னால், ஒடுகத்தூருக்குச் செய்தி போகும். "நான் அப்பவே சொன்னேனே" என்று அந்த அம்மா சொல்வார். கிண்ணம் இனி என் கைக்கு வராது.

ஆனால் கூடையில் சிவப்பு டேப்போடு மூன்று பேட்டரி கிடந்தது. என் வாயால் செத்தவை. அவற்றை எப்படி எழுப்புவது? நேற்று செத்தது இன்று எப்படிப் பிழைத்தது என்று கேட்டால் என்ன சொல்வது?

பொட்டைத் துடைக்காமல் பெட்டியை மேசையில் வைத்துக் காத்திருந்தேன். சேகர் வந்தார்.

"தம்பி, சாஃப்ட்வேருக்கு ஒண்ணுமில்ல. நான்தான் பண்ணிட்டேன்."

துளையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். நகத்தால் சுரண்டி முகர்ந்தார்.

"ஈரத்துல பின்னுக்குப் பின்னு ஒட்டிக்கினு கீது. பேட்டரி ஒண்ணு சொல்லுது, பெட்டி வேற இன்னாவோ கேக்குது. கண்ட நம்பர் உள்ள போனா சாஃப்ட்வேரு பாவம் இன்னா பண்ணும், மூடிக்கினு பூடுது." பிறகு என்னைப் பார்த்தார். "ரெண்டு நாள் ஃபார்மட் அடிச்சேனேமா! என் கல்யாண போட்டோவெல்லாம் பூட்ச்சி!"

"உங்க அம்மாகிட்ட..."

"நீயும் சொல்லாத, நானும் சொல்லல. பிரஷ் எங்க?"

அவர் கழுவ, நான் துணியால் ஒற்றி எடுத்தேன். விளக்குப் பக்கத்தில் வைத்துக் காயவைத்தோம். பூங்கொடி வந்து நிற்கும்போது அவளுடைய பேட்டரியில் ஒட்டிய சிவப்பு டேப்பை உரித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா அத்தே, செத்தது பொழச்சிக்கிச்சா?"

"அது சாவவே இல்ல. நான்தான் அவசரப்பட்டு டேப்பு ஒட்டிட்டேன்" என்று நடந்ததைச் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டை ஏறியது. கட்டம் மூடவில்லை. முழுப் பச்சை இல்லை, பச்சையும் மஞ்சளும் தொடுகிற இடத்தில் நின்றது.

"நிக்கும்" என்றேன். "வெளிச்சத்தக் கொறச்சி வை. சும்மா இருக்கறப்ப மூடி வை. மூச்சு வாங்கற ஆளுங்கள மொதல்ல கூப்புடு."

மூன்று பேட்டரியில் இரண்டு நன்றாகவே இருந்தன. ஒன்று நிஜமாகவே போயிருந்தது. அதற்கு மட்டும் திரும்பவும் சிவப்பு டேப் ஒட்டினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பூங்கொடி போன் செய்தாள். பதினோரு பேரும் வைத்துவிட்டார்களாம். "கடசி ஆளு பெரியாயா. வெரலு தேஞ்சி பூட்டு ரேகையே உழல. நாலு தபா வெச்சி, அப்பால உழுந்துச்சி. அத சேவ் பண்ணேன், லேப்டாப்பு அணஞ்சி போச்சி அத்தே."

5. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

போன வருஷம் கண் மங்கியதால் வேலையை விட்டேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த சாமான் நின்றால், அதைக் கடைசியாகத் தொட்டது யார் என்று முதலில் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது உங்கள் கையையும் சேர்த்துப் பாருங்கள். பேட்டரி கொண்டுவந்தவர் மேல் பழி போடுவது சுலபம், அவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

அடுத்த ஆயுத பூஜைக்கும் சேகரின் அம்மா வந்தார். சேகர் சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்து டெஸ்டரை எடுத்தேன். மூடிமேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கரில் பெரிதாக ஏதோ எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

'நெத்தி இங்க.'

அங்கே வைத்தேன்.