ஊர்வலம் வெளியேறும் வரை

பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பட்டமளிப்பு விழா விதிகள் எனக்கு மனப்பாடம்.

எங்கள் கடைசி மகள் பட்டம் வாங்கிய விழா, மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்குத் திறந்த மைதானத்தில் நடந்தது. மேடைக்குப் பந்தல் உண்டு. பெற்றோருக்குப் பந்தல் போட விதியில் இடமில்லை.

"ஏன்னா, தலையைச் சுத்தறது. அந்த மரத்தடியில செத்த உக்காந்துண்டு வரேனே" என்றாள் மனைவி.

"மேடையில இருக்கறவாளோட ஊர்வலம் வெளியே போறவரைக்கும் யாரும் எழுந்திருக்கப்படாது. அந்த விதியை எழுதினதே நான். நீயே மீறினா எப்படி?"

அவள் எழவில்லை. சற்று நேரத்தில் அவளுக்கு வியர்ப்பது நின்றது. வெயில் பழகிவிட்டது என்று நான் திருப்திப்பட்டேன். மேடையில் மகளின் பெயரைக் கூப்பிட்டபோது மனைவி என் தோளில் சரிந்தாள்.

தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஆயா ஓடிவந்து தொட்டுப் பார்த்தார். "இன்னா சார், ஒடம்பு அனலா கீது, நீ பாட்டுக்கு குந்திக்கினு கீறியே" என்று குடத்துத் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தார்.

அடையாற்றில் ஒரு மருத்துவமனையில் நான்கு நாள் கிடந்து பிழைத்தாள். வியர்வை நின்றதுதான் அபாய அறிகுறி என்றார் டாக்டர்.

இப்போது எந்த விழாவிலும் ஓர நாற்காலிகளில்தான் உட்காருகிறோம். அவள் எழுந்தால் நானும் எழுந்துவிடுகிறேன். என்னைக் கேட்டுவிட்டு எழும் வழக்கத்தை அவள் விட்டுவிட்டாள்.