படபடப்பு

வட்டவளையில் ரயில் கேட் மூடியிருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்கிறேன். கொழுந்து பறிக்கையில் இடுப்பில் சுற்றும் படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் ஓர் அம்மா தேயிலை மலையிலிருந்து ஓடி வருகிறார்.

"கோச்சி போயிருச்சாங்க?"

"ரயில் இன்னும் வரலைங்க. யாராச்சும் வர்றாங்களா?"

"எம் மக. கொழும்புல ஒரு வீட்டுல வேல செய்யிறா. அந்தக் குடும்பம் லீவுக்கு நுவரெலியா போகுது. புள்ளையப் பாத்துக்க இவளையும் கூட்டிட்டுப் போறாங்க. இங்க எறங்க முடியாது, சன்னல்ல சால்வைய ஆட்டுறேம்மான்னு போன் பண்ணுனா. காலையிலருந்து நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

படபடப்பு. பயத்துக்கும் அதே சொல், மகிழ்ச்சிக்கும் அதே சொல். பறவை சிறகடிக்கும் ஓசையிலிருந்து பிறந்திருக்கும் என்றே இதுவரை நினைத்திருந்தேன்.

ரயில் வருகிறது. ஒரு சன்னலில் சிவப்புச் சால்வை காற்றில் படபடக்கிறது. அம்மா சட்டென்று படங்கை அவிழ்த்துத் தலைக்கு மேல் வீசுகிறார். அதுவும் படபடக்கிறது. வளைவில் திரும்பி ரயில் மறைகிறது.

கேட் திறக்கிறது.

"மகளப் பாத்துட்டீங்க!" என்கிறேன்.

படங்கை மறுபடி இடுப்பில் கட்டிக்கொண்டே சொல்கிறார்: "சால்வையத்தாங்க பாத்தேன்."