இரண்டாகப் பிரிந்த ரயில்

கனடாவின் மொன்றியல் நகரத்து டோர்வல் விமான நிலையத்தில் இருபது வருடம் பெட்டி ஏற்றிய செபமாலை, 2006 மார்கழியில்தான் மனைவி எமில்டாவோடு ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்கப் போனார். சுவிஸில் ஒரு சந்திப்பில் ரயில் நின்றபோது, "கழிப்பறைக்குப் போட்டு வாறன்" என்று எமில்டா முன்பெட்டிக்குப் போனாள். அங்கே ரயிலை இரண்டாகப் பிரிப்பார்கள் என்பது இருவருக்கும் தெரியாது. முன்பாதி அவளோடு வேறு திசையில் கிளம்பிவிட்டது. அவளுடைய கோட்டும் கடவுச்சீட்டும் போனும் இவர் மடியில் கிடந்தன.

செபமாலை பனியில் இறங்கி ஓடினார். "என்ர மனிசி அதுக்குள்ள!" என்று தமிழில்தான் கத்தினார், வேலையில் பேசிப் பழகிய பிரெஞ்சு ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. நிலைய அலுவலர் யாருக்கோ போன் செய்துவிட்டு, காத்திருக்கும்படி சைகை காட்டினார். மூன்று மணித்தியாலம் செபமாலை வந்த ரயிலையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் எமில்டா ஒன்றிலிருந்து இறங்கி வந்தாள். "இஞ்சேருங்கோ, பயந்து போனியளோ?"

அவர் கையிலிருந்த கோட்டை அவள் தோளில் போட்டார். பிறகு பக்கத்து மர வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.