குடும்பத் தலைவர் என்ற ஒற்றை வரி

பிலோமினா அன்ரி போய்விட்டார். போன் வந்தபோது நான் பிரதேச செயலகக் கவுன்டரில் இருந்தேன்.

தெரியாதவர்களுக்கு: மட்டக்களப்பு வாவிக்கரையில் மிஞ்சியிருக்கும் ஆபிரிக்கப் பரம்பரைக் குடும்பம் ஒன்றின் மூத்த பெண். ஊர் காப்பிலி என்று சொல்லும். அவரும் அப்படியே சொல்லிக்கொள்வார், கேட்பவர்தான் நெளிவார்.

சுனாமிக்குப் பிறகு வீடு இழந்தவர்களுக்கான விண்ணப்பப் போம்களை நிரப்பிய புது கிளாக் நான். 'குடும்பத் தலைவர்' என்ற வரியில் கண்ணை மூடிக்கொண்டு புருசன்மாரின் பெயர்களை எழுதினேன்.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை வந்து இருப்பவர். தெரிந்தும் எழுதினேன்...

அன்ரி கவுன்டருக்கு வந்தார். "நீ இருக்கிற வீடு ஆர்ர பேரில புள்ள?"

"என்ர பேரில."

"அப்ப என்ர மகள்ற வீட்ட மட்டும் ஏன் மருமகனுக்கு எழுதினாய்?"

வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவார். கோஷம் இல்லை, சத்தம் இல்லை. காணி உறுதிப் பத்திரம் கடலோடு போகாமல் தப்பியவர்கள் அதை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருப்பார்கள்.

எங்கள் அலுவலகப் பெரியவர் ஒருநாள் சலித்துக்கொண்டார். "உங்களுக்கு ஏனம்மா இந்த வேலை?"

"எங்கட ஆம்பிளையள் போர்த்துக்கீசன்ட பட்டாளத்தில வந்ததெண்டு எழுதி வெச்சிருக்கு ஐயா. கூட வந்த பொம்பிளையள்ற பேர் ஒரு கடதாசியிலயும் இல்ல. இன்னொருக்கா விடமாட்டன்."

கடைசியில் எங்கள் போமில் மனைவியின் பெயருக்கும் ஒரு வரி வந்தது. கொழும்பில் எடுத்த முடிவு என்று பேப்பரில் போட்டார்கள். அன்ரி அந்தப் பேப்பரில் எனக்குக் கருவாடு சுற்றித் தந்தார்.

போன மாதம் போன் எடுத்தார். "கரையில சிவப்புக் கட்டை அடிக்கிறாங்க. றோட்டாம். எங்கள இடத்த விட்டு எழுப்பப் போறாங்க. போம் வந்தா முதல் வரியப் பாரு புள்ள."

பார்க்கிறேன் என்றேன்.

இன்று போம் வந்திருக்கிறது. றோட்டுக்காக இடிக்கப்படும் வீடுகளுக்கு மாற்றுக் காணியாம். குடும்பத் தலைவர், பழையபடி ஒரே வரி. மனைவிக்கு இடம் இல்லை. வெள்ளிக்கு முன் முடிக்க வேண்டுமாம்.

பத்து மணிக்கு அன்ரியின் மருமகன் வந்தார். பிரேதம் இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. அடையாள அட்டையைக் கவுன்டரில் வைத்து, "என்ர பேரில போடுங்க மிஸ்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் புருசன்மார், கையில் அட்டையோடு...

பெரியவரின் கையெழுத்து வரவில்லை என்று பொய் சொல்லி அனுப்பினேன். நாளைக்கும் வருவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது அன்ரி.

அடக்கம் நாளை பின்னேரம் மூன்று மணிக்கு.

போய் வாருங்கள் அன்ரி.