அண்ணி இழுத்த கண்ணாடி நூல்

என் அண்ணியின் தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து முறையாகச் சைகை கற்றுக்கொடுப்பதற்கு முன்னாலேயே, அக்காவும் தங்கையும் வீட்டுக்குள் தங்களுக்கென்று ஒரு கைமொழியைச் செய்துகொண்டுவிட்டார்கள். அதில் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பெயர் உண்டு. என் அண்ணன் முதன்முதலாக அவர்கள் வீட்டுக்குப் போன அன்று பெல்ட் போட மறந்துவிட்டு, பேண்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். அதனால் இடுப்பில் இரண்டு கையையும் வைத்து மேலே தூக்கினால் அது அண்ணன். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் அந்தப் பெயர் மாறவில்லை. எனக்குக் கொட்டாவி. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கடல் தாண்டி வந்த பிறகு அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணனுக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. நான் படிக்க வந்தவள். அண்ணி ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமுக்கு ஏற்ற மாதிரி வெட்டி உட்கார வைப்பார். இந்த நாட்டு மொழியில் அவருக்குத் தெரிந்தது எண்களும், வலது கண், இடது கண், தூரம், கிட்டம் என்கிற வார்த்தைகளும்தான். அதை வைத்துக்கொண்டு காய்கறிக் கடைவரை போய் வந்துவிடுவார். "தூரம் வேண்டாம், கிட்டம் குடு" என்று அவர் சொல்ல, கடைக்காரர் முன்வரிசைத் தக்காளியை எடுத்துக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தங்கையோடு கையால் பேசுவதற்கு மட்டும் ஒரே வழி, போனில் வீடியோ படம். எங்கள் வீடு கட்டடத்தின் உள்மூலையில் இருந்ததால் போனில் சிக்னல் இழுத்துக்கொண்டே கிடக்கும். எங்களைப் போன்றவர்களுக்குப் படம் நின்றாலும் குரலாவது வரும், சமாளித்துக்கொள்ளலாம். அவர்களுக்கு அப்படியில்லை. கை பாதியில் நின்றால் அது பாதி வார்த்தையாக நிற்காது, வேறு வார்த்தையாகிவிடும்.

ஆகியும்விட்டது. அவர்களுடைய பெரியப்பா தன் பெயிண்ட் கடையில் கல்லாவில் உட்காரச் சொல்லித் தங்கையைக் கூப்பிட்டிருந்தார். அதைப் பற்றி அவள் ஒருநாள் அக்காவிடம் பேசினாள். பெரியப்பா தங்கமானவர், கடைக்குப் போனால் அவர் சந்தோஷப்படுவார் என்று ஆரம்பித்தாள். அந்த இடத்தில், சிரித்த முகத்தோடு, படம் உறைந்துபோய்த் துண்டித்துக்கொண்டது. அண்ணி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அப்போதே ஊரிலிருக்கும் தன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அப்பா பெரியப்பாவிடம் சொன்னார். பெரியப்பா குஷியில் அவளுக்கென்று ஒரு சுழல் நாற்காலியே வாங்கிப் போட்டுவிட்டார்.

தங்கை சொல்ல வந்ததோ, 'ஆனால் எனக்கு அது வேண்டாம். வேறு ஊரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டில் நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்' என்பது. நாற்காலியைக் காட்டக் கடைக்குக் கூட்டிப்போனபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. கூட இருக்க வேண்டிய அக்காவே காலை வாரிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். படத்தில் வருவதையே நிறுத்திவிட்டாள். அண்ணி பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினார். பதிலுக்கு ஒரு வரி வந்தது: "ஊருக்கெல்லாம் கண்ணாடி போடுறியே, உனக்கு ஒண்ணு போட்டுக்க."

அதைப் படித்துவிட்டு அண்ணி சிரித்தார். அப்புறம் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் அண்ணனிடம் சொன்னார்:

"என்னங்க, வீட்டுக்கு ஃபைபர் இழுக்கணும்."

"போன்லதான் நெட் இருக்கே, அப்புறம் எதுக்கு?"

"உங்க காதுக்கு இருக்கு. என் கண்ணுக்கு இல்ல."



வெளிநாட்டுக்காரர் ஒருவர் வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்குவது என்பது, பாஷை தெரியாத ஊரில் பல் வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்வது மாதிரி. வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கம்பெனிக்குப் போன் செய்தால் முதலில் இயந்திரம் பேசும். இரண்டை அமுக்கு, ஐந்தை அமுக்கு என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் ஆரம்பித்த இடத்திலேயே கொண்டுவந்து விடும். ஒருவழியாக ஒரு பெண் வந்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் நான் பேச, அண்ணி பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் கேட்டாள். சொன்னேன். குடும்பப் பெயர் கேட்டாள். நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து எங்கள் அப்பா பெயரைச் சொன்னேன். மறுநாள் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது, அப்பா பெயரைப் போட்டு, 'தங்களை வரவேற்கிறோம்' என்று.

"அப்பாவுக்கு இங்க கனெக்‌ஷன் வந்துடுச்சு. விசாதான் பாக்கி" என்றான் அண்ணன்.

நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ஃபைபர்காரர் வந்தார். கதவு அளவுக்கு ஆள். அவரும் வேறெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்தான். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. அண்ணியை வாய் நிறைய எங்கள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆனால் கைகளால் கேட்டால் கைகளால் பதில் சொல்ல அண்ணிக்குச் சொல்லியா தர வேண்டும்? பெட்டி எங்கே வைப்பது, எந்தச் சுவரில் துளை போடுவது என்று இருவரும் நான் குறுக்கே வராமலேயே பேசி முடித்துவிட்டார்கள். அவர் ஒரு துண்டு கேபிளை உரித்துக் காட்டினார். உள்ளே முடி மாதிரி ஓர் இழை. விரலை மடக்கி, 'இப்படி வளைத்தால் போச்சு' என்று காட்டினார்.

"கண்ணாடி!" என்றார் அண்ணி, என்னைத் திரும்பிப் பார்த்து. "ஏய், இது நம்ம சரக்குடீ. உள்ள வெளிச்சம்தான் ஓடுதாம்."

சிக்கல் கீழே இருந்தது. தெருவிலிருந்து வரும் கேபிள் கட்டடத்தின் அடித்தளத்துக்கு வந்து, அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மாடிகளுக்கு ஏற வேண்டும். அந்தக் குழாயின் மூடி தரைத்தளத்து வீட்டுப் பெரியவரின் சாமான் அறைக்குள் இருந்தது. தனியாக இருக்கும் மனிதர். சங்கிலியைக் கழற்றாமல் கதவை நாலு விரல் திறந்து, "முடியாது" என்று சொல்லிச் சாத்திவிட்டார். ஃபைபர்காரர் தோளைக் குலுக்கினார், அப்பா பெயரைச் சொல்லி விடைபெற்றார், போய்விட்டார்.

அடுத்து அண்ணன் களத்தில் இறங்கினான். போனில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு கீழே போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"ரொம்ப மரியாதையாத்தான் பேசினேன். மனுஷன் மூஞ்சில அடிச்ச மாதிரி சாத்திட்டான்."

"என்ன சொன்னே?"

"'ஐயா, உங்க அறை ஒண்ணு கிடைச்சாப் போதும், சீக்கிரம் முடிச்சுடுவோம்'னேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். அந்த மொழியில் அது இப்படி விழுந்திருந்தது: 'ஐயா, உங்கள் கன்னத்தில் ஓர் அறை விட்டால் போதும், சீக்கிரம் கதையை முடித்துவிடுவோம்.' நான் சொல்லி முடிப்பதற்குள் அண்ணி தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். வெகு நாளைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அண்ணி மன்னிப்புக் கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சங்கிலி இடைவெளியில் பெரியவர் முகம் தெரிந்தது. அவர் கண்ணாடியின் ஒரு காதுக் கம்பி உடைந்து டேப் சுற்றியிருந்தது. அண்ணியின் கண் நேராக அங்கேதான் போனது. கையை நீட்டினார். என்ன நினைத்தாரோ, பெரியவர் கழற்றிக் கொடுத்துவிட்டார். அண்ணி அதைக் கடைக்குக் கொண்டுபோய்ப் புதுக் காது மாட்டி, துடைத்து, மாலையில் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போட்டுப் பார்த்தார். நன்றி சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டார்.

"நல்ல மனுஷன்" என்றேன் வெறுத்துப்போய்.

"திட்டாதே. அவருக்கு வெக்கம்" என்றார் அண்ணி. "கண்ணாடியை வாங்கக் கதவைக் கொஞ்சம் அகலமாத் திறந்தாரே, நீ உள்ள பாக்கலையா? கூரை வரைக்கும் சாமான். நடக்கவே வழியில்ல. அதுக்குள்ள ஊராரை எப்படி விடுவாரு?"

நான் பெரியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி அவர் முதுகுக்குப் பின்னால் பார்த்திருக்கிறார்.

அந்த வாரக் கடைசியில் அண்ணி அவரை வற்புறுத்தி எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தார். காபி கொடுப்பார் என்று நினைத்தேன். நேராகப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய் அலமாரியைத் திறந்து காட்டினார். காட்டினார் என்பதைவிட, அலமாரி தானே காட்டிக்கொண்டது என்பதுதான் சரி. ஒரு சூட்கேஸ், போர்வைகள், அண்ணன் தூக்கிப்போடாமல் வைத்திருந்த அட்டைப்பெட்டிகள், அறுந்த செருப்பு ஒன்று, எல்லாம் சரிந்து வந்து பெரியவரின் காலடியில் விழுந்தன. அண்ணி தன் நெஞ்சைத் தொட்டு, அந்தக் குவியலைக் காட்டி, கீழ்த்தளத்தைக் காட்டி, இரண்டு விரல்களையும் ஒட்டி வைத்தார். நீங்களும் நானும் ஒண்ணு. பெரியவர் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்று பிற்பகலே நாங்கள் மூவரும் அவருடைய சாமான் அறையில் இறங்கினோம். அவர் மனைவி இருந்த காலத்திலிருந்து சேர்ந்த பொருட்கள். ஒவ்வொன்றையும் அவர் கையில் வாங்கிப் பார்த்து, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று சொல்லும்வரை அண்ணி அடுத்ததைத் தொடவில்லை. அண்ணன் கிடங்கு வேலைக்காரன் அல்லவா, அடுக்குவதில் அவனை மிஞ்ச முடியாது. சாயங்காலத்துக்குள் சுவரில் அந்த மூடி தெரிந்தது.

ஃபைபர்காரர் மறுபடி வந்தார். கேபிள் குழாய்க்குள் ஏறியது. வாசல் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி உட்கார்ந்தது. ரவுட்டரில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. அண்ணன் தன் பங்குக்கு, "இது என்ன வாசல்ல கொம்பு வச்ச பூச்சி மாதிரி நிக்குது" என்று சொல்லி, ரவுட்டரைச் செருப்பு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினான்.

அண்ணி தங்கைக்கு எழுதினார்: "ஒரே ஒரு தடவை வா. திட்டவாவது வா."

வந்தாள். முகம் இறுகிக் கிடந்தது. ஆனால் படம் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. அண்ணி சந்தோஷத்தில், கைகள் நன்றாகத் தெரியட்டும் என்று வெளிச்சமுள்ள சமையலறைக்குப் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே போனதும் படம் உறைந்தது. அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை பாடும் இதற்குத்தானா என்று போனை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

போனில் எழுத்து வந்தது. "ரவுட்டர் எங்க வச்சிருக்க? காட்டு."

அண்ணி போய்க் காட்டினார். மறுமுனையில் தங்கை நெற்றியில் அடித்துக்கொண்டாள். இடுப்பில் இரண்டு கையையும் வைத்து மேலே தூக்கிக் காட்டிக் கேட்டாள்: அவர் வேலையா? அண்ணி ஆமாம் என்று தலையாட்டினார். தங்கை, தன் கோபத்தை மறந்து, வேலை வாங்க ஆரம்பித்தாள். செருப்புக்கு நடுவிலிருந்து அதை முதலில் வெளியே எடு. உயரத்தில் வை. வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவே கான்கிரீட் சுவர் இருக்கிறதா? அப்படியானால் நீளமான கேபிள் ஒன்று வாங்கிச் சுவரோரமாக இழுத்து, அந்தப் பக்கம் இரண்டாவது பெட்டி ஒன்று வை. அண்ணன் கடைக்கு ஓடினான். அண்ணி முட்டி போட்டுக்கொண்டு, சுவரோரமாகக் கேபிளுக்குக் கிளிப் அடித்தபடியே தவழ்ந்து சமையலறை வரை போனார். நான் போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். தங்கை பார்த்துக்கொண்டே வந்தாள்.

இரண்டாவது பெட்டியும் உயிர் பெற்றது. அண்ணி ஜன்னலோரம் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே போய் நின்றார்.

அப்புறம் ஆரம்பித்தது சண்டை. அப்படியொரு சண்டையை நான் பார்த்ததில்லை. இரண்டு பேர் கைகளும் பறந்தன. தங்கை மேசையை அடித்தாள். அண்ணி நெஞ்சில் அடித்துக்கொண்டார். பெரியப்பா, நாற்காலி, சின்ன வயதில் தொலைத்த ஏதோ ஒரு குடை, எல்லாம் வந்தன. சத்தமே இல்லாமல் வீடு அதிர்ந்தது. ஒரு விரல்கூட உறையவில்லை.

"இவ்வளவு கஷ்டப்பட்டு இழுத்தது இதுக்குத்தானா?" என்று அண்ணன் என் காதில் கிசுகிசுத்தான்.

"சும்மா இரு. முழுசாப் பேசுறாங்க" என்றேன்.

கடைசியில் தங்கை, அன்று பாதியில் நின்ற பேச்சை முதலிலிருந்து முழுவதும் சொன்னாள். அண்ணி குறுக்கிடவில்லை. முடிந்ததும் உள்ளங்கையால் தன் நெஞ்சைச் சுற்றித் தேய்த்தார். அது அவர்கள் மொழியில் மன்னிப்பு. தங்கை கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் கண் கலங்கியது, எங்களுக்கே தெரியும் அளவுக்கு.

அன்றே அண்ணி பெரியப்பாவுக்குப் போன் செய்து, தப்பு தன்னுடையது, சின்னவளுக்கு ஸ்டுடியோ வேலைதான் விருப்பம் என்று சொன்னார்.

"போகட்டும்மா, பிள்ளை ஆசைப்பட்டதைச் செய்யட்டும்" என்றார் பெரியப்பா. "நாற்காலி எனக்கே நல்லாத்தான் இருக்கு. முதுகு வலியே இல்ல."

தங்கை ஸ்டுடியோவில் சேர்ந்தாள். கறுப்பு வெள்ளைப் பழைய படங்களுக்கு வண்ணம் கொடுக்கிற வேலை. இப்போது விடுமுறை நாட்களில் இருவரும் போனைத் திறந்துவைத்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேசுவதுகூட இல்லை. அங்கே அவள் துணிக்கு இஸ்திரி போடுவாள், இங்கே இவர் பாத்திரம் துலக்குவார். அக்காவைக் கூப்பிட வேண்டுமானால் அவள் தன் அறை விளக்கை அணைத்து அணைத்துப் போடுவாள். எங்கள் சமையலறைச் சுவரில் அந்த வெளிச்சம் மினுக்கும். அண்ணி நுரை வழியும் கைகளோடு திரும்பி, கை முழுக்கச் சோப்பு இருக்கும்போது என்னத்தைப் பேசுவது, கொஞ்சம் பொறுக்க மாட்டாயா என்று வாயாலேயே அவளைத் திட்டுவார்.