ஜெயிலுக்குப் போன களி

கோலார் தங்கவயலில் சுரங்கக் கூலிகள் குடியிருந்த ஊரிகத்து லைன் வீடுகளில் பெருமாளுக்கு வைத்திருந்த பட்டப்பேர் ‘ஒண்ணும் இல்லீங்க’. சுரங்கக் குழியான ஷாஃப்டில் கல் விழுந்து தோள் சீவிப்போய் மேலே வந்த அன்றைக்கும், இன்னாடா ஆச்சு என்று கேட்டவர்களுக்கு அதையேதான் சொன்னான். குடியாத்தம் பக்கம் மழை பொய்த்த வருஷம் தங்கவயலுக்கு வந்து, தட்டி வீட்டில் குடியேறி, பூமிக்கடியில் துளை போட்டுப் பிழைத்த எத்தனையோ பேரில் அவனும் ஒருத்தன். குடிகாரன் இல்லை, பொல்லாதவன் இல்லை. சுத்த வாயில்லாப் பூச்சி.

அவன் பெண்சாதி வெங்கடம்மாவின் வாய் இரண்டு பேருக்குக் காணும். சாமி கணக்குப் பார்த்துத்தான் ஜோடி சேர்த்திருக்கிறான் என்று லைனில் சிரிப்பார்கள். அவளோ, “எம் புருஷனை நான் திட்டுவேன். வேற எவனாச்சும் திட்டுனா நாக்கை அறுத்துடுவேன்” என்பாள். சொன்னால் செய்கிற ரகம் வேறு.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்டு முடிந்து மேலே வருகிறவன் தங்கக்கல்லை ஒளித்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று வாசலில் சோதனை போடுவார்கள். காவல்காரன் கன்னடத்தில் “தோர்ஸு” என்பான், காட்டு என்று அர்த்தம். உடனே துணியை அவிழ்த்து உதற வேண்டும். குடுமியைப் பிரித்து ஆட்ட வேண்டும். வாயைத் திறந்து நாக்கைத் தூக்க வேண்டும். கடைசியாக ஒவ்வொரு காலாகத் தூக்கி உள்ளங்காலைக் காட்ட வேண்டும். தினம் தினம் செய்து பெருமாளுக்கு அது பல் விளக்குகிற மாதிரி ஆகிவிட்டது.

அது ஷாஃப்டு வாசலோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவனை வேலை வாங்குகிற மேஸ்திரிக்கு அது போதவில்லை. எதற்கோ பெருமாள் மேல் கடுப்பு. ஒரு நாள் சாயங்காலம் நேரே லைனுக்கே வந்து, பொம்பளைகள் எல்லாம் பார்க்க, அவன் வீட்டு வாசலில் வைத்து “அவுருடா, வாயைத் தொறடா” என்றான். இந்தப் புண்ணியவானும் அவிழ்த்தான், திறந்தான். உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்த வெங்கடம்மா துடுப்பும் கையுமாக வெளியே வந்தாள். வந்த வேகத்தில் மேஸ்திரி மண்டையில் ஒரே போடு!

தாலுகா அதிகாரியான அமல்தாரின் கோர்ட்டில் அவள் மறைக்கவில்லை. “எம் புருஷனை நடுத்தெருவுல துணியை அவுக்கச் சொன்னான் சாமி, அதான் அடிச்சேன்” என்றாள். அப்படி நடந்ததா என்று அமல்தார் பெருமாளைக் கேட்டார். கோர்ட்டு நிறைய ஜனம். பெருமாள் தலையைக் குனிந்துகொண்டு, “ஒண்ணும் இல்லீங்க” என்றான்.

நாசமாய்ப் போச்சு. அவளுக்குக் கோலார் ஜெயிலில் மூன்று மாசம் என்று தீர்ப்பாயிற்று. சாட்சிக்கு வந்த துடுப்பும் கோர்ட்டிலேயே தங்கிவிட்டது. வெங்கடம்மா அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “வெளிய வந்ததும் எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடுவேன். இனிமே உன் களியை நீயே கிண்டிக்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் கிண்டத்தான் செய்தான், பாவம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து, துடுப்பு இல்லாததால் ஒரு விறகுக் கட்டையால் கேழ்வரகு மாவைக் கிண்டி, உருண்டை பிடித்துச் சட்டியில் வைத்து, துணியால் மூடிக் கட்டிக்கொண்டு கிளம்புவான். பங்காருபேட்டை வரைக்கும் ரயில். அங்கிருந்து கோலாருக்கு நடை, வழியில் பார வண்டி கிடைத்தால் அதில் தொற்றிக்கொள்வான். போகிற வழியெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போவான்.

ஜெயில் வாசலில் புளியமரத்தடியில் அவனைப் போல மூட்டையும் சட்டியுமாகப் பத்துப் பேர் காத்திருப்பார்கள். யார் எதற்காக உள்ளே இருக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. இன்னா கொண்டாந்தே என்று மட்டும் கேட்டுக்கொள்வார்கள். கூப்பிட்டதும் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் இவர்கள், அந்தப் பக்கம் அவர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவதில் ஒருத்தர் பேச்சும் ஒருத்தருக்குக் கேட்காது. ஊரிலிருந்து மூட்டை மூட்டையாகப் பேச்சைச் சுமந்துகொண்டு வந்தவன்கூடக் கம்பியைப் பிடித்ததும் “சாப்ட்டியா? தூங்கினியா?” என்று கேட்பான். அதற்குள் நேரம் ஆகிவிடும்.

பெருமாளுக்கு அதற்கும் கொடுப்பினை இல்லை. வெங்கடம்மா கம்பிக்கு வரவே மாட்டேன் என்றுவிட்டாள். பெண்கள் பக்கத்துக்குக் காவலாக இருந்த பாக்கியவதி என்கிற அம்மாதான் சட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோவாள். முதல் வாரம் சட்டி அப்படியே திரும்பி வந்தது. அடுத்த வாரம் ஓர் உருண்டை குறைந்திருந்தது. அவள் தின்றாளா என்று ஆசையாகக் கேட்டான். “நான்தாம்பா தின்னேன். கட்டி கட்டியா கீது” என்றாள் பாக்கியவதி. அவ்வளவு தூரமும் அழுதுகொண்டே திரும்பி வந்தான்.

மூன்றாவது தடவை வாசலில் புது வார்டர் நின்றிருந்தான். சட்டியைப் பார்த்துவிட்டு, “தோர்ஸு” என்றான்.

அவன் கேட்டது சட்டியை. பெருமாளுக்கு அந்தச் சொல் காதில் விழ வேண்டியதுதான், உடம்பு தானாக வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. சட்டியைக் கீழே வைத்தான். மேல்துணியை உதறினான். குடுமியைப் பிரித்து ஆட்டினான். வாயை ஆவென்று திறந்து நாக்கைத் தூக்கினான். பிறகு கோலார் ஜெயில் வாசலில் ஒற்றைக் காலில் நின்று உள்ளங்காலைக் காட்டினான். வார்டர் கொஞ்ச நேரம் திகைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். புளியமரத்தடியே சிரித்தது. தங்கவயலிலிருந்து ஒரு பைத்தியம் வந்திருக்கிறது என்ற சேதி பெண்கள் பக்கம் வரைக்கும் போயிற்று.

அடுத்த நிமிஷம் கம்பிக் கதவு அதிர்ந்தது.

“எவன்டா அது எம் புருஷனைப் பாத்துச் சிரிக்கறவன்?”

வெங்கடம்மாதான். தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் வளர்த்து, கன்னடத்தில் முடித்தாள். வார்டர் மூன்றையும் வாங்கிக்கொண்டு சட்டியை எடுத்து உள்ளே தள்ளினான். அப்புறம் அவள் இவன் பக்கம் திரும்பினாள்.

“யோவ், இன்னாய்யா இது? கண்டவன் கேட்டாலும் தொறந்து காட்டுற வாயி, எனக்காகக் கோர்ட்டுல தொறக்கலியே!”

பெருமாள் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது ஒன்றும் வரவில்லை. “வெக்கமா இருந்துச்சிமே” என்றான். “அத்தினி பேரு எதிர்ல, ஆமா, என்னை அவுத்துப் பாத்தான்னு எப்படிச் சொல்லுவேன்?”

“அந்த வெக்கத்தைத் தாங்காமத்தான் நான் உள்ள கீறேன்” என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அதை அவன் பார்த்துவிடக் கூடாதென்று குனிந்து சட்டியிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டாள். “த்தூ! மாவு வேகவே இல்ல. இதையா நீ தின்னுகினு கீற?” ஆனாலும் விழுங்கினாள். அண்ணன் வீட்டுக்குப் போகிற பேச்சை மட்டும் அவள் மாற்றவில்லை.

மிச்ச ஞாயிறுகளில் கம்பிக்கு வந்தாள். உலை எப்போது கொதிக்க வேண்டும், மாவை எப்போது கொட்ட வேண்டும் என்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தாள். அவன் சொன்னபடி கிண்டினான். கட்டி மட்டும் போகவில்லை.

விடுதலையான அன்றைக்குத் துடுப்பையும் திருப்பிக் கொடுத்தார்கள். அதைத் தோளில் சாத்திக்கொண்டு, கூப்பிட வந்த பெருமாளோடு ஊரிகத்தில் வந்து இறங்கினாள். “என் துணியும் பாத்திரமும் எடுத்துகினு நாளைக்கு ரயிலேறிடுவேன்” என்று வழியிலேயே சொல்லிவிட்டாள். வீடு வந்ததும் அவள் மூட்டை கட்டுவதைப் பெருமாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வந்தான். நெற்றியில் தழும்பு. லைன் ஜனம் முழுக்க எட்டிப் பார்த்தது.

“இன்னாடா, மகாராணி வந்துட்டாளா? ஜெயில்லேர்ந்து இன்னா கொண்டாந்தீங்க? வாயைத் தொறடா, பாக்கலாம்.”

உள்ளே வெங்கடம்மா மூட்டையை விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தாள்.

பெருமாளின் கை பழக்கத்தில் குடுமிக்குப் போயிற்று. பாதியில் நின்றது. கையை இறக்கி வாசல் கட்டையில் வைத்துக்கொண்டான்.

“ஷாஃப்டு வாசல்ல கேளு மேஸ்திரி, தொறக்கறேன்” என்றான். “இது எங்க வூட்டு வாசல். அன்னிக்கு இங்கதான் என்னை அவுத்துப் பாத்தே. அதுக்குத்தான் எம் பொண்டாட்டி உன்னை அடிச்சா. கோர்ட்டுல நான் சொல்லல. இப்ப சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க.”

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தான். ஒரு முகமும் அவனுக்குச் சாதகமாக இல்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்த வழியே போனான்.

பெருமாளுக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பின்னால் மூட்டையின் முடிச்சை அவிழ்க்கிற சத்தம் கேட்டது, அப்புறம் பானையை உருட்டுகிற சத்தம்.

“இன்னா மாமா அங்கியே நின்னுகினு கீற?” என்றாள் வெங்கடம்மா. “வந்து உலையை வையி. களியை நான் கிண்டறேன்.”