நாற்பது மரத்துக்கும் ஒரே காற்று

என் தங்கை நிஷாலினி வென்றவற்றை வரிசையாகவே எழுதிவிடுகிறேன். விஞ்ஞான ஆசிரியர் இரண்டு வருடம் எட்டிப் பார்க்காத பாடசாலையில் விஞ்ஞானத்துக்கு ஒரு ‘பி’. பஸ் வராத நாளில் மடுல்சீமைக்கு எட்டு மைல் நடந்துபோய் ஒரு நேர்முகத் தேர்வு. அதே தேர்வுக்கு ஜீப்பில் வந்திறங்கிய தோட்டத்துக் கிளாக்கரின் மருமகன்.

கிடைத்த வேலை இதுதான். உயிரோடு நிற்கும் மரத்தின் தண்டைத் துளைத்து, சிறு குழாயைச் செருகி, ரப்பர் மூடியால் அடைத்து, மறுநாள் உள்ளே எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறது என்று கருவியால் பார்க்க வேண்டும். மூன்று மாதத் தற்காலிக வேலை. கொழும்பிலிருந்து வந்த ஆய்வு சேருக்குப் பிடிக்காவிட்டால், அடுத்த நாளே எங்களோடு காலைப் பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டுத் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போக வேண்டியதுதான்.

சேர் நிறையப் படித்தவர். ஆகவே மரத்தடிக்கு வரமாட்டார், அட்டை கடிக்கும். அவள் கத்திச் சொல்லும் எண்ணை ஜீப்பில் இருந்தபடி எழுதி, ‘அளந்தவர்’ என்ற இடத்தில் தானே கையெழுத்தும் போடுவார். முதல் வாரம் நாற்பது மரம். நாற்பதுக்கும் நூற்றுக்கு 20.9. தொழிற்சங்கங்களுக்கு வாய்க்காத இந்த ஒற்றுமையைக் கண்டு சேர் மிகவும் மகிழ்ந்தார்.

நிஷாலினி கருவியை வெளியே எடுத்து வெறுங்காற்றில் பிடித்தாள். அதுவும் 20.9.

“சேர், இது மரத்துக் காத்து இல்ல. நாம மூச்சு விடுற காத்து. குழாய் ஓரமா உள்ள போகுது.”

“நீங்க எந்தக் கெம்பஸ்ல படிச்சீங்க, தங்கச்சி?”

“எதுலயும் இல்லீங்க சேர். அதனாலதான் மரத்துகிட்ட போறேன்.”

அன்று மாலை நான் அவளைத் திட்டினேன். வாயை மூடிக்கொண்டு மூன்று மாதத்தை ஓட்டு என்றேன். அவள் கேட்கவில்லை. அட்டை ஏறாமலிருக்க நாங்கள் காலில் பூசும் சவர்க்காரத்தை ஊறவைத்துப் பிசைந்து, பத்து மரங்களில் குழாயைச் சுற்றி அப்பினாள். மறுநாள் ஒன்றில் 11.2, ஒன்றில் 6.4, ஒன்றில் வெறும் 3.1. பத்தும் பத்து விதம்.

சேருக்குக் கோபம். சவர்க்காரம் பூசிய எண்ணுக்கெல்லாம் தன் பெயரைக் கொடுக்க முடியாது, மேலிடத்தில் கேட்டால் நீயே பதில் சொல்லிக்கொள் என்று தாளை ஜன்னல் வழியாக நீட்டினார். மேலிடம் அந்தப் பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சேரின் நாற்பதையும் திரும்ப அளக்கச் சொன்னது, அவளை ஒரு வருடத்துக்கு நியமித்தது எல்லாம் பிறகு நடந்தவை. அப்போது அவளுக்கு அவை எதுவும் தெரியாது. வேலை போனாலும் போகட்டும் என்று தாளை வாங்கி, ஜீப்பின் மூக்கில் வைத்து, ‘அளந்தவர்’ என்ற இடத்தில் முதன்முதலாகத் தன் பெயரை எழுதினாள்: யே. நிஷாலினி, 2024 ஜனவரி 17, புதன்கிழமை.